முதல் மினியேச்சர் படைக்கு ஒரு போரை அல்ல, ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

கேட்கப்பட்டது இதுதான்: நெப்போலியன் காலத்துப் போர்களை மேசைமேல் விளையாட ஒரு மினியேச்சர் படை சேர்க்க ஆசை. எந்த அளவு பொம்மைகள், எத்தனை வேண்டும், எங்கே தொடங்குவது, எப்படி வண்ணம் தீட்டுவது? சின்ன வயதில் வாங்கிய பிளாஸ்டிக் வீரர்கள் ஒரு பை நிறைய வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் உதவுவார்களா?

பையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். நீங்கள் உருவாக்கப்போவது "நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் படை" அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்ற படை. பலர் பாதியில் விட்டுப்போவதற்குக் காரணம் வண்ணம் தீட்டத் தெரியாதது அல்ல, எதை முடிக்க வேண்டும் என்ற எல்லை இல்லாததுதான். அந்தக் காலப் போர்கள் 1803 முதல் 1815 வரை நீண்டவை. 1809இல் ஸ்பெயினில் நின்ற பிரிட்டிஷ் வீரனின் தொப்பி நேரான குழாய் வடிவம். 1815இல் பெல்ஜியத்தில் நின்றவனின் ஷாக்கோ தொப்பியில் முன்பக்கம் மட்டும் உயர்ந்து நிற்கும். பிரெஞ்சுக்காரர்களின் கோட்டும் 1812 ஆணைக்குப் பிறகு குட்டையாகி, முன்பக்கம் இடுப்புவரை மூடிக்கொண்டது. நாள் தெரியாமல் பெட்டி வாங்கினால் தவறான தொப்பியோடு நூறு பேர் வந்து நிற்பார்கள்.

என் பரிந்துரை 1815 ஜூன் மாதம், சர் காலின் ஹால்கெட்டின் 5ஆவது பிரிட்டிஷ் பிரிகேட், அதாவது சில பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு படைப்பிரிவு. அதில் நான்கே பட்டாலியன்கள்: 30ஆவது ரெஜிமென்ட்டின் 2ஆம் பட்டாலியன், 33ஆவது ரெஜிமென்ட், 69ஆவதின் 2ஆம் பட்டாலியன், 73ஆவதின் 2ஆம் பட்டாலியன். எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு, சாம்பல் கால்சட்டை. ஆனால் காலரும் கைமடிப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம். 30க்கு வெளிர் மஞ்சள், 33க்குச் சிவப்பு, 69க்குப் பச்சை, 73க்குக் கரும்பச்சை. ஒரே தட்டில் கலந்த வண்ணத்தை வைத்து நான்கு பட்டாலியன்களையும் தீட்டிவிட்டு, கடைசியில் காலரில் மட்டும் வேறுபடுத்தலாம். கை பழகும், ஆனால் சலிப்பு வராது. முதல் படைக்கு இதைவிட வசதியான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணம், இந்தப் பிரிகேட் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பெரிய போர்களைப் பார்த்தது. ஜூன் 16 காத்ர் பிரா, ஜூன் 18 வாட்டர்லூ, இரண்டும் பெல்ஜியத்தில். காத்ர் பிராவில் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த ரை பயிருக்குள் நின்றார்கள். குதிரைப்படையை எதிர்பார்த்துச் சதுர வியூகம் அமைத்துக்கொண்டிருந்த 69ஆவது பட்டாலியனை, மறுபடி நீள் வரிசைக்குப் போகும்படி மேல்தளபதியான நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் உத்தரவிட்டார். அந்த இடைவெளியில் பிரெஞ்சுத் தளபதி கெல்லர்மனின் கவசக் குதிரைப்படை பயிரைக் கிழித்துக்கொண்டு வந்து மோதியது. 69ஆவது சிதைந்தது, அதன் அரசர் கொடி பறிபோனது. 33ஆவதும் குலைந்து பக்கத்துக் காட்டுக்குள் ஓடியது. 30ஆவது சதுரமாக நின்று தப்பியது. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூ மேட்டில் இதே பிரிகேட் மதியம் முழுக்கக் குதிரைப்படைத் தாக்குதலைத் தாங்கியது. ஆட்கள் குறைந்துபோனதால் 30ம் 73ம் சேர்ந்து ஒரு சதுரம், 33ம் 69ம் சேர்ந்து இன்னொரு சதுரம்.

இப்போது நாள் ஏன் முக்கியம் என்பது புரியும். பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு வழக்கமாக இரண்டு கொடிகள்: யூனியன் கொடியான அரசர் கொடி ஒன்று, காலர் நிறத்தில் ரெஜிமென்ட் கொடி ஒன்று. காத்ர் பிராவில் கொடியை இழக்கும் முன் நிற்கும் 69ஆவதுக்கு இரண்டும் வேண்டும். வாட்டர்லூ 69ஆவதுக்குப் பச்சைக் கொடி ஒன்றே. மேசையைப் பார்க்கும் விவரமறிந்தவர் அந்த ஒற்றைக் கொடியைக் கண்டதும் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வார். வரலாற்றுப் படையின் சுகமே இதில்தான் இருக்கிறது.

இந்த 69ஆவது ரெஜிமென்ட் நமக்கும் அறிமுகமானதுதான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது உள்ளே காவலில் இருந்த வெள்ளையர் படை, 69ஆவதின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த நான்கு கம்பெனிகள். வேலூர்ப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கோட்டைச் சுவரைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

சரி, அளவு, அதாவது பொம்மை வீரனின் உயரம். கடைகளில் கிடைப்பவை 28, 20, 15, 10, 6 மி.மீ. என்று போகும். 20 மி.மீ. என்பது ஏறக்குறைய 1:72 வகை, அதாவது உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு. நூற்றுக்கணக்கில் ஆட்கள் நிற்கும் பெரிய போர்க்காட்சி வேண்டுமென்றால் 6 மி.மீ.தான் அழகு, தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையான பட்டாலியன் போலவே இருக்கும். முகமும் பொத்தானும் தெரிய வேண்டும், தூரிகை பிடிக்கும் சந்தோஷம் வேண்டும் என்றால் 28. முதல் படைக்கு நான் 28ஐத்தான் சொல்வேன். பெர்ரி, விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1815 பிரிட்டிஷ் காலாட்படையைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் தருகிறார்கள். உலோகப் பொம்மைகளைவிடச் செலவு நன்றாகவே குறையும். இறக்குமதி வரியும் தபால் செலவும் சேரும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். 3டி அச்சில் எடுப்பதும் இப்போது சுலபம். ரெசின் இயந்திரம் வைத்திருந்தால் கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். கெட்டிப்படாத ரெசின் தோலில் படக் கூடாது.

எண்ணிக்கைக்கு வருவோம். ஹால்கெட்டின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றும் சுமார் 500 முதல் 650 பேர். ஒரு பொம்மை 25 பேருக்குச் சமம் என்று வைத்தால் பட்டாலியனுக்கு 24 பொம்மைகள் வரும். பொம்மைகளை ஒட்டிவைக்க 40 மி.மீ. சதுர அடிப்பலகைகள் ஆறு, ஒவ்வொன்றிலும் முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர். இந்த இரட்டை வரிசை கற்பனை அல்ல, பிரிட்டிஷ் காலாட்படை உண்மையிலேயே இரண்டு வரிசையில்தான் நின்றது, பிரெஞ்சுக்காரர்கள் மூன்று வரிசை. 600 பேர் இரண்டு வரிசையில் தோளோடு தோள் நின்றால் அகலம் ஏறக்குறைய 160 மீட்டர். மேசையில் உங்கள் ஆறு பலகைகளின் அகலம் 24 செ.மீ. ஆக ஒரு செ.மீ. என்பது ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மஸ்கட் துப்பாக்கி பயன்தரும் தூரம் 90 மீட்டர் என்று கொண்டால் மேசையில் சுமார் 13 செ.மீ. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவைத்தால் விதிநூல் எதுவாக இருந்தாலும் அதில் சொல்லும் தூரங்கள் பொருந்துகின்றனவா என்று நீங்களே சொல்லிவிடலாம். வீடுகளும் மரங்களும் மட்டும் ஒருபோதும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஒரு பண்ணை வீட்டைப் பொம்மையின் உயரத்துக்கு ஏற்பக் கட்டினால் அது அரைப் போர்க்களத்தை விழுங்கிவிடும். அதனால் கட்டடங்களைக் கொஞ்சம் சிறிதாகவே செய்வது வழக்கம்.

விதிநூல் பற்றிக் கவலைப்பட்டுப் பலகை அளவைத் தள்ளிப்போட வேண்டாம். பிளாக் பவுடர் போன்ற விதிகள் இத்தனை பொம்மை இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. இரு தரப்புக்கும் பட்டாலியன் அகலம் ஒன்றாக இருந்தால் போதும்.

நான்கு பட்டாலியன்களுக்கு 96 பேர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் 24 பேர் முடிந்ததும் ஒரு பட்டாலியன் முழுதாக நிற்கிறது என்பதுதான் பலம். அடுத்த பெட்டியை இந்த 24 முடியும்வரை பிரிக்காதீர்கள். இது என் கண்டிப்பான கருத்து.

அந்த 24 பேரை எப்படிப் பிரிப்பது? பிரிட்டிஷ் பட்டாலியனில் பத்துக் கம்பெனிகள். வலது ஓரத்தில் கிரனேடியர், இடது ஓரத்தில் இலகு காலாட்படை, நடுவில் எட்டு. ஆகவே வலது பலகையின் நான்கு பேருக்குத் தொப்பிக் குஞ்சம் வெள்ளை, இடது பலகைக்குப் பச்சை, நடுவில் நிற்பவர்களுக்கு மேலே வெள்ளை கீழே சிவப்பு. ஓரக் கம்பெனிகள் இரண்டுக்கும் தோளில் 'சிறகு' எனப்படும் அகன்ற துணி அணி உண்டு, நடுக் கம்பெனிகளுக்குக் கிடையாது. பெட்டியில் இரண்டு விதமான உடல்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நடுவில் ஒரு பலகையில் கொடி பிடிக்கும் இளம் அதிகாரிகள் இருவர், ஒரு அதிகாரி, ஒரு முரசுக்காரர். முரசுக்காரருக்குக் கோட்டின் நிறம் தலைகீழ்: 30ஆவதில் மஞ்சள் கோட்டு, 73ஆவதில் கரும்பச்சைக் கோட்டு. சிவப்புக்கு நடுவே அந்த ஒருவர் முழுப் பட்டாலியனையும் தூக்கிக் காட்டுவார்.

நிற்கும் நிலையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். சுடும் நிலைப் பொம்மைகள் தனியாகப் பார்க்க அழகு. ஆனால் நீட்டிய துப்பாக்கி பலகைக்கு வெளியே போய் எதிரே வரும் குதிரையின் மூக்கில் இடிக்கும். துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கும் வீரர்கள் நெருக்கமாக நிற்பார்கள், பெட்டியிலும் உடையாமல் இருப்பார்கள்.

இனி வேலை. கெட்டிப் பிளாஸ்டிக் பாகங்களை அவை கோத்து வரும் சட்டத்திலிருந்து கத்தரிக்கும்போது கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக் கோடு எல்லாப் பொம்மையிலும் இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டினால் போய்விடும், சோம்பல்பட்டு விட்டால் வார்னிஷ் அடித்த பிறகு பளிச்சென்று தெரியும். ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட், தமியா நிறுவனத்தின் மெல்லிய வகை நன்றாக வேலை செய்யும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால் பிறகு உடையாது. உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூ. இடைவெளி தெரிந்தால் எம்-சீல் கொஞ்சம் பிசைந்து அடைக்கலாம். நுண்ணிய வேலைக்கு அது கரடுமுரடுதான், ஆனால் முதுகுப்பைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சந்துக்குத் தாராளமாகப் போதும்.

ஒட்டியதும் ஐஸ் குச்சி ஒன்றில் நான்கு பேராக லேசாக ஒட்டிவையுங்கள். பொம்மையைக் கையால் தொடாமல் குச்சியைப் பிடித்துக்கொண்டே தீட்டலாம்.

வண்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சான பிரைமரை ஸ்ப்ரேயாக அடிப்பதில் நம் ஊர் வானிலை பெரிய விஷயம். ஈரப்பதம் அதிகமான மழைக்கால மாலையில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். கொளுத்தும் வெயிலில் மொட்டைமாடியில் அடித்தால் வண்ணம் காற்றிலேயே காய்ந்து மணல் போலப் போய் ஒட்டும். காலையில், வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், மெல்லிய இரண்டு பூச்சாக அடிப்பதே பாதுகாப்பு. கடலோர ஊரில் மழைக்காலம் முழுக்கத் தூரிகையால் தடவும் பிரைமர்தான் எனக்கு ஒத்துவருகிறது. நேரம் பிடிக்கும், ஆனால் ஏமாற்றாது.

பிரைமர் நிறம் எது என்பதில் எல்லோருக்கும் ஒரு கட்சி உண்டு. சிவப்புக் கோட்டுக்காரர்களுக்கு நான் அடர்பழுப்பு என்பேன். கறுப்பின் மேல் சிவப்பு ஏறவே ஏறாது, மூன்று நான்கு பூச்சு கேட்கும். வெள்ளையின் மேல் அடித்தால் விடுபட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும். அடர்பழுப்பில் விடுபட்ட இடம் நிழலாகத் தெரியும், சிவப்பும் ஒன்றிரண்டு பூச்சில் பிடித்துவிடும்.

சிவப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். சாதாரண வீரனின் கோட்டு மஞ்சிட்டி வகை வேர்ச்சாயத்தில் தோய்த்தது, செங்கல் கலந்த மங்கிய சிவப்பு. அதிகாரியின் கோட்டு விலை உயர்ந்த துணி, பளிச்சென்ற சிவப்பு. இரண்டுக்கும் ஒரே புட்டி வண்ணத்தை எடுத்தால் பட்டாலியன் தட்டையாகிவிடும். வீரர்களுக்குச் சிவப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து அடியுங்கள், அதிகாரிக்குக் கலக்காமல் அடியுங்கள், சட்டென்று படிநிலை தெரியும். வெளிச்சம் காட்ட வேண்டிய மடிப்பு முனைகளுக்குச் சிவப்பில் வெள்ளையைக் கலக்கக் கூடாது, இளஞ்சிவப்பாகிவிடும். ஆரஞ்சு அல்லது தோல் நிறம் ஒரு துளி கலக்க வேண்டும். நிழலுக்கும் கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பே போதும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பார்ப்பது மூன்றடி தூரத்திலிருந்து. அவருக்குத் தெரியப்போவது கோட்டின் சிவப்பு, குறுக்கு வார்களின் வெள்ளை, முகம், கொடி, தரை, இந்த ஐந்துதான். மணிக்கணக்கில் பொத்தான் தீட்டுவதற்குப் பதில் இந்த ஐந்தையும் சுத்தமாகச் செய்யுங்கள்.

வேலையின் ஒழுங்கு இப்படி: முதலில் ஒரே ஒரு வீரனை முழுதாகத் தீட்டி, எந்தப் புட்டி, எந்த வரிசை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து 73ஆவதைத் தொடங்கும்போது அந்தத் தாள் இல்லாவிட்டால் சிவப்பு பொருந்தாது. பிறகு பன்னிரண்டு பேராக எடுத்து, ஒரு நிறத்தை எல்லோருக்கும் அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். உள்ளே இருப்பதிலிருந்து வெளியே இருப்பதற்கு, அதாவது முகம், கோட்டு, கால்சட்டை, அப்புறம் வார்கள், பைகள், துப்பாக்கி. இருபத்து நான்கையும் ஒரே மூச்சில் எடுத்தால் நடுவில் அலுத்துப்போகும்.

கால்சட்டை சாம்பலை எல்லோருக்கும் ஒரே மாதிரி அடிக்க வேண்டாம். சிலருக்குக் கொஞ்சம் நீலம், சிலருக்குக் கொஞ்சம் பழுப்பு கலந்துவிடுங்கள். நீண்ட நடைப்பயணத்தில் இருந்த படைக்கு அதுதான் இயல்பு. வார்களுக்கு நேராக வெள்ளை அடிக்காமல் முதலில் வெளிர்சாம்பல், அதன்மேல் நடுவில் மட்டும் வெள்ளை. ஓரத்தில் பிரைமரின் மெல்லிய கோடு தெரியட்டும், அந்தக் கோடுதான் வெள்ளையையும் சிவப்பையும் பிரித்துக் காட்டும். முதுகுப்பை கறுப்பு, அதன்மேல் சுருட்டிய போர்வை சாம்பல், உணவுப்பை அழுக்கு வெள்ளை, மரத் தண்ணீர்க் குப்பி வெளிர்நீலம். அந்த நீலம் சின்ன இடம்தான், ஆனால் சாம்பலுக்கும் சிவப்புக்கும் நடுவே கண்ணுக்கு இதம். துப்பாக்கியின் கட்டை பழுப்பு, குழாய் எஃகு, சின்னப் பூண்கள் பித்தளை. அதிகாரியின் இடுப்பில் கருஞ்சிவப்புக் கச்சை. ஜூன் 17 இரவு முழுக்க மழை கொட்டியதால், வாட்டர்லூவுக்கு எண்ணெய்த்துணி உறை போட்ட தொப்பிகள் பொருத்தம். உறை போட்ட தலைகள் பெட்டியில் இருந்தால் தயங்காமல் எடுங்கள், தொப்பியின் தகடும் கயிறும் தீட்டும் வேலை மிச்சம்.

வண்ணப் புட்டிகள் வயெஹோ, சிட்டடெல், ஆர்மி பெயின்டர் எதுவானாலும் சரி. பொம்மைக்கு இவற்றின் நுண்ணிய நிறமி தேவைப்படும். தரைக்கும் வேலிக்கும் வீட்டுக்கும் நம் ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக் தாராளம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தீட்டாதீர்கள், தூரிகை நுனியிலேயே வண்ணம் காய்ந்துவிடும். ஒரு தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பேக்கிங் தாள், அதன்மேல் வண்ணம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். இந்தச் சின்ன ஏற்பாடு விலை உயர்ந்த தூரிகையைவிட அதிகம் உதவுகிறது.

எல்லா அடிப்படை நிறமும் முடிந்ததும் பழுப்பு வாஷ், அதாவது நீர்த்த வண்ணம், ஒரு பூச்சு. சிட்டடெலின் அக்ராக்ஸ் எர்த்ஷேட் பலர் பயன்படுத்துவது. அது மடிப்புகளில் இறங்கி நிழலாகிவிடும். காய்ந்த பிறகு கோட்டின் மேல் முனைகளையும் வார்களையும் மூக்கையும் கன்னத்தையும் அசல் நிறத்தில் ஒருமுறை தொட்டுவிட்டால் முடிந்தது. அவசரமாக ஒரு படை வேண்டுமென்றால் கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள் இருக்கின்றன. கறுப்புப் பிரைமரின் மேல் வெள்ளையை உலர் தூரிகையால், அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால், மேடுகளில் மட்டும் தேய்த்துவிட்டு அவற்றை ஒரே பூச்சாக அடிப்பார்கள். சிவப்புக் கோட்டுக்கு எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை, குதிரைக்கும் முதுகுப்பைக்கும் நன்றாக வருகிறது.

கொடிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பிரிட்டிஷ் காலாட்படைக் கொடி ஆறடிக்கு ஆறரை அடி. 28 மி.மீ. அளவில் அது பொம்மையின் உயரத்துக்கே வரும், மேசையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். நல்ல தாளில் அச்சிட்டு, நீர் கலந்த ஃபெவிகால் தடவி, கம்பத்தைச் சுற்றி மடித்து ஒட்டுங்கள். ஈரம் காய்வதற்குள் விரலால் அலை அலையாக வளைத்துவிட வேண்டும். காய்ந்ததும் வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைத் தாளை அதே நிறத்தால் மூடுங்கள். இதை விட்டால் எவ்வளவு நல்ல கொடியும் காகிதமாகவே தெரியும். 33ஆவதின் ரெஜிமென்ட் கொடியைச் சிவப்பாகச் செய்துவிடாதீர்கள். காலர் சிவப்பான ரெஜிமென்ட்டுகளுக்கு வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, மூலையில் சிறிய யூனியன் கொடி என்பது விதி.

எதிரி இல்லாமல் போர் இல்லை. நம் ஊர்களில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் குறைவு என்பதால் இரண்டு பக்கத்தையும் நீங்களே செய்வதுதான் நடைமுறை. 30ஆவது முடிந்ததும் அடுத்த காலாட்படைக்குப் போகாமல் பன்னிரண்டு குயிராசியர்களை, அதாவது பிரெஞ்சுக் கவசக் குதிரைவீரர்களை, செய்யுங்கள். 69ஆவதின் கொடியை எடுத்துப்போனது 8ஆவது குயிராசியர் ரெஜிமென்ட். நீலக் கோட்டு, மஞ்சள் காலர், எஃகு மார்க்கவசம், எஃகுத் தலைக்கவசத்தில் பித்தளை முகடு, பின்னால் தொங்கும் கருங்குதிரை மயிர். கவசத்துக்கு முதலில் கறுப்பு, மேலே எஃகு, அதன்மேல் கறுப்பு வாஷ், கடைசியில் ஓரங்களில் மட்டும் வெள்ளி. அன்று அவர்களோடு வந்த 11ஆவது குயிராசியர்களுக்கு 1815இல் மார்க்கவசமே கிடைக்கவில்லை, வெறும் கோட்டோடு பாய்ந்தார்கள். ஒரு சிறு பிரிவை அப்படிச் செய்தால் மேசையில் அது தனியாகப் பேசும்.

குதிரைகளுக்கு எண்ணெய் வண்ணத்தைவிட எளிய வழி கிடையாது. வெளிர்பழுப்பு அக்ரிலிக்கில் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை முழுக்கப் பூசிவிடுங்கள். சில நிமிடம் கழித்து ஸ்பாஞ்ச் துண்டால் துடைத்தால் தசை மேட்டில் வெளிர்நிறமும் பள்ளத்தில் அடர்நிறமும் தானாக வந்துவிடும். காய ஓரிரு நாளாவது ஆகும், நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் கூடும். நிறங்களைக் கலந்து வையுங்கள், எக்காளம் ஊதுபவருக்கு மட்டும் சாம்பல் குதிரை.

தரைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வில்லியம் சைபார்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வாட்டர்லூவை மாதிரியாகக் கட்ட 1830இல் அங்கேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, படை எங்கே நின்றது என்று கேட்டதோடு அந்த வயலில் என்ன பயிர் இருந்தது என்றும் கேட்டார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்ன உலோக வீரர்களோடு 1838இல் லண்டனில் அது காட்சிக்கு வந்தது. இன்று அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பயிரைப் பற்றிக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நானும் உங்களுக்குச் சொல்கிறேன். காத்ர் பிரா என்றால் உயர்ந்த ரை. அதற்கு நம்மிடம் இருக்கும் பொருளுக்கு ஈடே இல்லை: தென்னை நார் மிதியடி. வெளிநாட்டு விளையாட்டுக்காரர்களும் விளைந்த வயலுக்கு இதைத்தான் தேடி வாங்குகிறார்கள். வயல் வடிவில் வெட்டி மேசையில் வைத்து, படை நுழையும் இடத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் மிதிபட்ட வழி கிடைக்கும். பலகை ஓரங்களில் நான்கைந்து நார்க் குச்சம் நட்டால் வீரர்கள் பயிருக்குள் நிற்பது தெரியும். வாட்டர்லூ என்றால் மிதிபட்டு மண்ணோடு படிந்த பயிரும் சேறும். ஃபெவிகால் தடவி, சலித்த ஆற்று மணலைத் தூவி, காய்ந்ததும் அடர்பழுப்பு அடித்து, மேலே வெளிர்பழுப்பை உலர் தூரிகையால் தேய்த்து, அங்கங்கே செயற்கைப் புல். வடிகட்டிக் காயவைத்த தேயிலைத்தூள் காட்டுத் தரைக்கு உதவும், நன்றாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வீரர்களின் காலணியிலும் கால்சட்டை விளிம்பிலும் அதே சேற்று நிறத்தைக் கொஞ்சம் தட்டிவிடுங்கள். மேடுகளைத் தெர்மாகோலில் செய்தால் முதலில் ஃபெவிகால் பூச்சு கட்டாயம், ஸ்ப்ரே நேரடியாகப் பட்டால் உருகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் மேட், அதாவது பளபளக்காத, வார்னிஷ். விளையாடும் பொம்மை கைபட்டுக்கொண்டே இருக்கும், இதைத் தவிர்க்க முடியாது. பலகைக்கு அடியில் காந்தத் தகடு ஒட்டிவிட்டால் வீட்டில் சும்மா கிடக்கும் இரும்பு டிரங்குப் பெட்டியே படைக்கு முகாம். ஆட்டோவில் எடுத்துப்போனாலும் நகராது. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கும், அரத்தால் தேய்த்த தூளைத் துடைத்துவிட்டுக் கை கழுவுங்கள். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம்.

இப்போது அந்தப் பை. உள்ளே இருப்பவர்கள் இரண்டங்குல உயரப் பச்சை வீரர்கள் என்றால் அவர்கள் இரண்டாம் உலகப் போரின் ஆட்கள், இந்த மேசைக்கு வர மாட்டார்கள். பிரைமர், வாஷ், உலர் தூரிகை எல்லாவற்றையும் முதலில் பழகிப்பார்க்க அவர்கள் போதும். இரண்டரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் வளையும் பிளாஸ்டிக்கில் இருந்தால் அவை 1:72 அளவு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வாட்டர்லூவுக்கென்றே இந்த அளவில் பெட்டிகள் விட்டிருந்தது. தொப்பியைப் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்த ஷாக்கோவும் நீண்ட கால்சட்டையும் இருந்தால் உங்கள் கையில் ஏற்கெனவே 1815 பிரிட்டிஷ் படை இருக்கிறது. அப்படியானால் 28 மி.மீ. பெட்டி எதையும் வாங்காமல் முழுப் பிரிகேட்டையும் அந்த அளவிலேயே செய்யுங்கள், இரண்டு அளவையும் ஒரே மேசையில் கலக்க வேண்டாம். மேலே சொன்ன 40 மி.மீ. பலகையும் தூரக் கணக்கும் அப்படியே பொருந்தும், பலகைக்கு ஆறு பேர் வைத்தால் நிறைவாக இருக்கும்.

அந்த வளையும் பிளாஸ்டிக்கில் சாதாரணமாக அடித்த வண்ணம் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வையுங்கள், அப்படியே நிற்கும். பிறகு நீர் கலந்த ஃபெவிகாலை மெல்லியதாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் அக்ரிலிக். கடைசியில் மறுபடியும் ஒரு ஃபெவிகால் பூச்சு கொடுத்து, அதன்மேல் மேட் வார்னிஷ். துப்பாக்கி வளைந்தாலும் வண்ணம் சேர்ந்தே வளையும். பழைய ஆட்கள் முப்பத்தாறு பேர் தேறினால் 30ஆவது பட்டாலியனை அவர்களை வைத்தே தொடங்கிவிடுங்கள், வெளிர் மஞ்சள் காலர், மேலே வெள்ளை கீழே சிவப்புக் குஞ்சம்.